ரெக்சினுக்குத் தழும்பு இல்லை

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அவள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை, சுற்றறிக்கை, மருந்துச் சீட்டு, தேர்வு அட்டவணை, எதுவானாலும் சரி. பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தாலும் ஒரு தடவை விரலால் தடவிவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வருவாள். குவாண்டம் கம்ப்யூட்டிங் கருத்தரங்கு ஒன்றின் வழவழப்பான பிரசுரம் எங்கள் துறைக்கு முதன்முதலாக வந்த அன்று, துறைத்தலைவர் அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். இவள் எழுந்து போய், அவர் கையில் இருந்தபடியே அதைத் திருப்பினாள்.

"சார், நடத்தறவங்க அட்ரஸ் இல்ல. போன் நம்பரும் இல்ல. யாரு சார் கூப்புடறாங்க நம்மள?"

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. விசாரித்தபோது அப்படி ஒரு கருத்தரங்கே இல்லை என்று தெரிந்தது. அதற்காக அவர் அவளுக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

நானும் அவளும் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தோம். ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேசையின் இரண்டு பக்கம். அவள் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்கு வீடு ஆம்பூரிலேயே, ஸ்டேஷனுக்குப் பின்னால். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், படிப்பவர் யாராவது நான் சொல்வதெல்லாம் நிஜமா என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார். அவளுக்கு அது பிடிக்கும். எனக்குத்தான் பயம்.

அவளுடைய இந்தப் பழக்கம் படிப்பிலிருந்து வந்ததல்ல. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருடம், ஒரு ஷூ கம்பெனியில் தோல் செலக்‌ஷன் மேசையில் நின்றிருக்கிறாள். காலை முதல் மாலை வரை தோல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்க வேண்டும். மேல்பக்கத்தில் சாயத்தைப் பூசி எதையும் மறைத்துவிடலாம் என்பதால் சதைப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் தரம் சொல்லக்கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். அங்கே நிற்பவர்கள் சில நாள் விளையாட்டாகத் தோல் அடுக்குக்கு நடுவே ஒரு துண்டு ரெக்சினைச் செருகிவிடுவார்களாம்.

"கைக்கு நல்லா இருக்கும் ஜெசி. தோல விட வழவழன்னு இருக்கும். ஆனா ஒரு உண்ணி கடி இருக்காது, ஒரு கீறல் இருக்காது. ஒன்னுமே இல்லன்னா உடனே திருப்பணும். திருப்பினா பின்னால துணி தெரியும். ரெக்சினுக்கு எங்கப்பா தழும்பு வரும்? அது மாட்டு மேல இருந்ததே இல்லியே."

இதை அவள் அடிக்கடி சொல்வாள். சொல்லும்போது கை தானாக மேசைமேல் எதையோ விரிக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு கல்லூரிகளுக்கு வெபினார் காய்ச்சல் பிடித்தது அல்லவா, அந்தக் காலத்தில் அவளோடு இருப்பது பெரிய பேஜார். வாரத்துக்கு ஒரு "சர்வதேச குவாண்டம் பயிலரங்கு" வரும். கடைசி ஐந்து நிமிடத்தில் அனுப்பும் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். நாங்கள் எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே சான்றிதழ் சேர்த்தோம். அவள் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்பாள். ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து ஒருவர் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் செய்தாள்.

"இவரு இப்ப தண்ணி குடிப்பாரு, பாரு."

அவர் தண்ணீர் குடித்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி வேற காலேஜ் வெபினார்ல இதே வார்த்தைக்கு அப்புறம்தான் குடிச்சாரு. அடுத்தது மூக்குக் கண்ணாடிய கழட்டுவாரு."

கழற்றினார். அவள் உடனே அரட்டைப் பெட்டியில், "சார், இப்போது உங்கள் ஊரில் மணி என்ன?" என்று தட்டிவிட்டாள். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நடத்துபவர்கள் அவளை வெளியே தள்ளிவிட்டார்கள். எனக்குச் சான்றிதழ் வந்தது. இன்னமும் என் கோப்பில் இருக்கிறது.

இன்னொரு முறை எனக்கு ஒரு மெயில். தங்கள் ஆராய்ச்சியைப் படித்து வியந்தோம், குவாண்டம் தொழில்நுட்ப உலக மாநாட்டில் தாங்களே சிறப்புரை ஆற்ற வேண்டும் என்று இருந்தது. நான் அதுவரை ஒரு கட்டுரைகூட வெளியிட்டதில்லை. இருந்தாலும் நெஞ்சு ஒரு முறை துள்ளத்தான் செய்தது. அவள் என் கையைப் பிடித்துத் தமிழ்த்துறைக்கு அழைத்துப் போனாள். "ஐயா, உங்களுக்கும் குவாண்டம் மாநாட்டுக்கு அழைப்பு வந்துச்சா?" என்று அங்கிருந்த தமிழ்ப் பேராசிரியரைக் கேட்டாள். வந்திருந்தது. ஐயா கோட்டுக்கு அளவு கொடுக்கப் போகலாமா என்று யோசனையில் இருந்தார்.

சிரிக்கிற விஷயங்களை மட்டும் சொன்னால் அவளைப் பாதிதான் சொன்னதாகும். காவேரிப்பாக்கத்திலிருந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி, அப்பாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிப் பத்து நாள் வரவில்லை. இவள் ஒரு சனிக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வேலூர் போய், வார்டு வார்டாகத் தேடியிருக்கிறாள். அப்பா நிஜமாகவே அங்கே படுத்திருந்தார். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருமே வரல மிஸ், நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க" என்று அழுததாம்.

திங்கட்கிழமை இதை என்னிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அது நான் பாசத்துல வந்தேன்னு நெனச்சிக்கிச்சு ஜெசி. அது சொன்னது பொய்யான்னு பாக்கத்தான் நான் போனேன்."

அப்போது எனக்கு அவள்மேல் கொஞ்சம் அருவருப்புகூட வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அது நான். ஓய்வறையில் யாராவது "பஸ் வந்துடுச்சு" என்றால் அவள் கேட் வரைக்கும் போய் எட்டிப் பார்ப்பாள். நான் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மணி கேட்டு நான் சொன்னால் தன் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள். ஏன் இந்தச் சலுகை என்று ஒரு நாள் கேட்டேன். நாங்கள் சேர்ந்த புதிதில் நான் ஒரு வினாத்தாளில் தவறான கணக்கைக் கொடுத்துவிட்டு, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அறை அறையாகப் போய், "தப்பு என்னுது" என்று மாணவிகளிடம் சொல்லியிருந்தேன். அதை அவள் பார்த்திருக்கிறாள்.

"தன் தழும்ப தானே காட்டறவள எதுக்குத் திருப்பிப் பாக்கணும்?" என்றாள்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தபோது, ஒரு மார்ச் மாதம் வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் குவாண்டம் கம்ப்யூட்டிங் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு வந்தது. அவளே விசாரித்து, நிஜம்தான் என்று சொன்ன கருத்தரங்கு. கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் ஆய்வைச் சுவரொட்டியாக வைக்கலாம். அதைப் பார்த்து, பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் கோடைக்கு இரண்டு மாதம் சிலரைச் சேர்த்துக்கொள்ளும். நன்றாகச் செய்தால் அங்கேயே முனைவர் படிப்புக்கு வழி உண்டு. இரண்டு நிபந்தனைகள். ஒரு கல்லூரியிலிருந்து எத்தனை பேர் போட்டாலும் ஒருவரைத்தான் எடுப்பார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. எங்கள் இருவருக்குமே அதுதான் கடைசி வருடம்.

அறிவிப்பை இருவரும் ஒன்றாகத்தான் படித்தோம். "போடலாமா?" என்றேன். "போடலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எங்களுக்குள் ஏதோ ஒன்று மாறிவிட்டது. அவள் என் பின்னால் நடந்து போனால் நான் லேப்டாப்பை மூடினேன். அவள் போனில் யாருடனாவது மெல்லப் பேசினால் காதைத் தீட்டினேன். எட்டு வருடமாக அதே ஆய்வகத்தில் அதே முப்பட்டகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்கும் அது வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவள்மேல் சந்தேகம். எல்லோரையும் சந்தேகப்படுகிறவளை நான் சந்தேகப்பட்டேன்.

இருவரும் எடுத்துக்கொண்ட விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இணையம் வழியாக எங்கோ இருக்கும் நிஜ குவாண்டம் இயந்திரத்துக்கு நம் புரோகிராமை அனுப்பி ஓட்டலாம். க்யூபிட் என்னும் குவாண்டம் பிட்டுகள் ஐந்தை ஒன்றோடொன்று பிணைத்து அளந்தால் எல்லாம் பூஜ்யம், இல்லை எல்லாம் ஒன்று, இந்த இரண்டு விடைதான் வர வேண்டும். ஆனால் நிஜ இயந்திரம் சின்ன அதிர்வுக்கும் சூட்டுக்கும் தடுமாறும் ஜீவன். நடுநடுவே தப்பு விடைகளும் வந்து விழும். அந்தத் தப்பைக் குறைக்க ஆளுக்கொரு உத்தி செய்திருந்தோம். நிஜ இயந்திரத்துக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஒத்திகை பார்க்க சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. அது வெறும் கணக்கு, தடுமாறவே தடுமாறாது. எதில் ஓட்டுகிறோம் என்பது புரோகிராமில் ஒரே ஒரு வரி.

கருத்தரங்கு அன்று காலையில் ஒரே கல்லூரி என்பதால் எங்கள் இரண்டு சுவரொட்டிகளையும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மாட்டச் சொன்னார்கள். அப்போதுதான் அவள் என் முடிவுகளை முதன்முதலாகப் பார்த்தாள். என் வரைபடத்தில் இரண்டே கம்பங்கள், நெட்டுக்குத்தலாக, உயரம் ஒன்றுபோல. அவளுடையதில் இரண்டு பெரிய கம்பங்களுக்கு நடுவே குட்டையும் நெட்டையுமாக இன்னும் ஏழெட்டு. பார்க்கவே ஒழுங்கில்லாமல் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அவள் நெருங்கி வந்து நின்றாள்.

"ஜெசி, இது நெஜ மெஷின்லதான் ஓடுச்சா?"

"பின்ன இன்னா?"

"நடுவுல ஒரு தூசு கூட இல்லியே."

"அதுக்குத்தானப்பா இந்த முறையே. தப்ப கம்மி பண்றதுக்கு."

"கம்மி ஆவும். காணாமயே போவாது." கொஞ்சம் தயங்கினாள். "புரோகிராம்ல மெஷின் பேரு இருக்கற வரிய பாத்தியா?"

நடுவர்கள் வர இன்னும் அரைமணிதான் இருந்தது. இப்போது வந்து இவள் இதைக் கேட்கிறாள் என்றால் எதற்கு? நான் கலங்க வேண்டும், சுவரொட்டியைக் கழற்ற வேண்டும், அதற்குத்தான். இத்தனை வருடம் ஊரையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், இடம் ஒன்று என்றதும் என்னையும் திருப்ப வந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ரெண்டு தடவ பாத்தேன்" என்றேன்.

ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. லேப்டாப் என் பையில்தான் இருந்தது. திறந்தால் ஒரு நிமிட வேலை.

அவள் கை என் சுவரொட்டியின் ஓரத்துக்குப் போனது. திருப்பப்போகிறாள் என்றே நினைத்தேன். கழன்று வந்திருந்த குண்டூசியை அழுத்திக் குத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ பாத்தேன்னா சரி" என்றாள்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தமிழர்தான். அவள் பலகை முன்னால் இரண்டு நிமிடம் நின்றார். என் பலகைக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"இவ்ளோ க்ளீனா வருமா? சிமுலேட்டர்ல ஓட்டிட்டு மறந்துட்டீங்களோ?"

நான் சுவரொட்டியின் ஓரத்தை நீவிவிட்டேன். பக்கத்திலிருந்து அவள் குரல்தான் வந்தது.

"இல்ல சார். அவங்க மெஷின் பேர ரெண்டு தடவ செக் பண்ணாங்க."

அவர் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல சார். அவங்க பாத்தாங்க."

அவர் சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவள் மறுபடி தன் கோணல் கம்பங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

இடம் எனக்குக் கிடைத்தது. பெங்களூருக்குக் கிளம்பிய நாள் அவள் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வந்து, என் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கோச்?" என்று கேட்டாள். சொன்னேன். கோச் எண் காட்டும் பலகையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தாள். ரயில் நகரும்போது, அவள் முகத்தில் பொறாமை எங்காவது தெரிகிறதா என்று நான் தேடினேன். அப்போதும் தேடினேன்.

பெங்களூரில் இரண்டாம் வாரம் பேராசிரியர் என் புரோகிராமைத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னார். கோப்பைத் திறந்தேன். மேலிருந்து ஒன்பதாவது வரி. அதில் சிமுலேட்டரின் பெயர் இருந்தது. ஒத்திகைக்காக மாற்றியதை நான் திரும்ப மாற்றவே இல்லை. கோப்பை மூடினேன். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாரும் ஒரு தடவ பண்ற தப்புதான். மறுபடி ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான். இந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். கேட்கவில்லை.

நிஜ இயந்திரத்தில் ஓட்டியபோது என் வரைபடத்திலும் குட்டையும் நெட்டையுமாக ஒரு கூட்டம் வந்து நின்றது. என் உத்தி ஓரளவுக்கு வேலை செய்தது, அவளுடையதைவிடச் சற்றுக் குறைவாக.

கல்லூரி திறந்த வாரம் அந்தப் புதிய வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். மாலை, வெளியே நல்ல மழை. ஓய்வறையில் நாங்கள் இருவர் மட்டும். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் வழக்கம்போல் முதலில் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. தடவிப் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான் தோலு" என்றாள். பிறகு, "பாத்தேன்னியே?"

"பாக்கல."

"ரெண்டு தடவன்னியே."

"ஒரு தடவயும் பாக்கல."

"நான் போட்டிக்காக கேக்கறேன்னு நெனச்சிக்கினியா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காகிதத்தை மடித்து என் பக்கமே நகர்த்தினாள்.

"அந்த சாருகிட்ட நான் சொன்னேனே, நீ செக் பண்ணேன்னு. அத பத்தி அவரு அப்புறம் எதுனா கேட்டாரா?"

"இல்லப்பா. அவருக்கு அது ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டாள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். கருத்தரங்குகளில் சுவரொட்டிகளைப் பார்க்க என்னையும் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அந்த ஒரு வரியைத் திறந்து காட்டச் சொல்கிறேன். ரொம்பக் கறார் என்று என்னைப் பற்றிப் பேச்சு.

நான் வரைபடத்தைக் காட்டிய அந்த மழை மாலைக்கே திரும்ப வருகிறேன். அவள் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்தாள். ஓட்டின் மேல் மழைச் சத்தம் குறைந்தது. நான் ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். வானம் வெளுத்திருந்தது, வாசலில் தேங்கிய தண்ணீரில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"மழ நின்னுடுச்சுப்பா" என்றேன். "கெளம்பு, பஸ்ஸ புடிச்சிடலாம்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் போகாமல் நான் நின்ற ஜன்னலுக்கு வந்தாள். கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையை உள்ளே இழுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ம், நின்னுடுச்சு" என்றாள்.